மண்முனைப் பாலமும் படுவான்கரைப் பிள்ளைகளின் படிப்பும்: எதனோடு எதை ஒப்பிடுவது?

கேள்வி: படுவான்கரை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பொருளியல் சிறப்புக் கற்கையின் இறுதி ஆண்டு மாணவி. சொந்த இடம் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, கூடுதலான காலம் பாடசாலையில் இருக்க வைத்ததா என்பதை ஆய்வேட்டுக்கான கேள்வியாக எடுத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலிருந்து வந்தது. என் அக்கா 2011இல் சாதாரண தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு பெற்றார். அவர் படிக்க விரும்பிய உயர்தரப் பிரிவு வாவிக்கு அப்பால், கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்த பாடசாலையில்தான் இருந்தது. அப்போது மண்முனைத் துறையில் பாதைதான் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஓடியது. காலையில் ஆட்களும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறி நிறையும் வரை அது புறப்படாது. மார்கழியில் வாடைக்காற்று பலத்து வாவி பெருகினால் சில நாட்களில் ஓடவே ஓடாது. பின்னேர வகுப்பு முடித்து வரும் பெண் பிள்ளை இருட்டில் துறையில் காத்து நிற்பதை அப்பா விரும்பவில்லை. அக்கா அத்துடன் படிப்பை நிறுத்திவிட்டார். ஆறு வருடங்களுக்குப் பிறகு நான் சாதாரண தரம் எழுதியபோது பாலம் இருந்தது, பேருந்தும் இருந்தது, நான் உயர்தரத்துக்குப் போனேன். "உன்னைப் படிக்க வைத்தது அந்தப் பாலம்தான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

பாலத்துக்கு முந்திய நான்கு வருடங்களையும் பிந்திய நான்கு வருடங்களையும் எடுத்து, எங்கள் பகுதியிலிருந்து உயர்தரத்துக்குச் சென்ற மாணவரின் தொகையை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். தொகை கூடித்தான் இருக்கிறது. ஆனால் என் மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "இது பாலம் செய்த வேலை என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுமாற்று முறையில் சில ஊர்களுக்குப் பாலம் கொடுத்து, சில ஊர்களுக்குக் கொடுக்காமல் விட்டுச் சோதிப்பது நடக்கிற காரியம் அல்ல. அப்படியானால் என் அம்மா சொல்வது உண்மையா இல்லையா என்பதை அறிய வேறு வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பொருளியல் விரிவுரையாளர்

நல்ல கேள்வியை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் கேட்டதும் சரியான இடத்தில்தான். நீங்கள் அறிய விரும்புவது, பாலம் கட்டப்படாமல் இருந்திருந்தால் இதே பிள்ளைகள் எவ்வளவு காலம் படித்திருப்பார்கள் என்பதை. அந்த நிலையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு மிகக் கிட்டவாக நிற்கும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வின் முழு வேலையும். பாலத்துக்கு முந்திய வருடங்கள் அந்த வேலைக்கு உதவமாட்டா. படுவான்கரையில் சண்டை ஓய்ந்தது 2007இல். அதன் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் திரும்பினார்கள், வீதிகள் போடப்பட்டன, மின்சாரம் வந்தது, ஆசிரியர் நியமனங்கள் நடந்தன. உங்கள் அக்கா பரீட்சை எழுதிய 2011க்கும் நீங்கள் எழுதிய ஆண்டுக்கும் இடையில் பாலம் மட்டுமா மாறியது?

இதே சிக்கலை எஸ்தர் டுப்லோ 2001இல் வெளியிட்ட இந்தோனேசிய ஆய்வில் எப்படிக் கையாண்டார் என்பதைப் பாருங்கள். அந்த நாட்டு அரசு 1973-74 தொடக்கம் 1978-79 வரை 61,000க்கும் அதிகமான ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. சில மாவட்டங்களுக்கு நிறையவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைத்தன. 1974இல் 2 முதல் 6 வயதாக இருந்தவர்களுக்கு அப்பாடசாலைகள் பயன்பட்டன. 12 முதல் 17 வயதாக இருந்தவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆகவே இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை, நிறையக் கட்டிய மாவட்டங்களிலும் குறைவாகக் கட்டிய மாவட்டங்களிலும் தனித்தனியே எடுத்து, அந்த இரண்டு வேறுபாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணித்தார். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை கூடும்போது படித்த காலம் 0.12 முதல் 0.19 வருடம் வரை கூடியது. அதோடு அவர் நின்றுவிடவில்லை. எந்த வகையிலும் பயன்பெற்றிருக்க முடியாத இரண்டு மூத்த வயதுக் கூட்டங்களை எடுத்து அதே கணக்கைச் செய்து, அங்கே விளைவு எதுவும் தெரியவில்லை என்பதையும் காட்டினார். உங்கள் ஆய்விலும் இந்தச் சோதனை இருந்தே ஆகவேண்டும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பீகார் மாநிலத்தைப் பற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் பெண் பிள்ளைகளுக்கு அந்த மாநில அரசு 2006 முதல் சைக்கிள் வாங்கக் கொடுத்தது. பெண்களை அதே ஊர் ஆண் பிள்ளைகளோடும், சைக்கிள் கிடைக்காத அயல் மாநிலமான ஜார்க்கண்டின் பிள்ளைகளோடும் சேர்த்து ஒப்பிட்டார்கள். உரிய வயதில் இடைநிலைப் பாடசாலையில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதத்தால் கூடினார்கள். ஆண், பெண் இடைவெளி 40 சதவீதத்தால் குறைந்தது. அந்த விளைவு எங்கே காணப்பட்டது என்பதைக் கவனியுங்கள்: பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பெரும்பாலும் காணப்பட்டது. வேறு காரணம் ஒன்றினால் எல்லாப் பெண்களும் கூடுதலாகப் படிக்கத் தொடங்கியிருந்தால், பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடமும் அது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தூரம்தான் அங்கே சாட்சி.

உங்களுக்கும் அப்படியொரு சாட்சி வாவியில் இருக்கிறது. வவுணதீவுப் பக்கத்துக்கு வலையிறவுப் பாலமும், போரதீவுப் பக்கத்துக்குப் பட்டிருப்புப் பாலமும் முன்பே இருந்தன. அந்தப் பாலங்களை அண்டிய கிராமங்களும் படுவான்கரைதான். யுத்தமும் மீள்குடியேற்றமும் மின்சாரமும் அங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஆனால் 2014இல் அவர்களுடைய பயண நேரம் மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும், எழுவான்கரையின் மிகக் கிட்டிய உயர்தரப் பாடசாலைக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரம் எத்தனை நிமிடத்தால் குறைந்தது என்று கணித்து அதையே அளவுகோலாக வையுங்கள். "பாலம் உள்ள ஊர், இல்லாத ஊர்" என்று இரண்டாகப் பிரித்தால், பாதையையும் பயன்படுத்தி, சற்றுச் சுற்றி வந்து புதிய பாலத்தையும் பயன்படுத்தக்கூடிய அம்பிளாந்துறையை எந்தப் பக்கம் போடுவது என்று திண்டாடுவீர்கள்.

பாலம் படிப்பைக் கூட்டித்தான் இருக்கும் என்ற முடிவோடு தொடங்கவேண்டாம். இந்தியாவின் கிராமிய வீதித் திட்டத்தைப் பற்றி அடூக்கியா, ஆஷர், நோவோசாட் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வீதி கிடைத்த ஊர்களில் நடுநிலை வகுப்புகளில் சேர்வு கூடியது. ஆனால் பக்கத்தில் படிப்பில்லாதவருக்கும் நல்ல கூலி கிடைக்கும் இடங்களில் அந்தக் கூடுதல் மிகக் குறைவாக இருந்தது. படிக்கப் போகும் பிள்ளை கைவிடுகிற கூலிதான் படிப்பின் அமையச் செலவு. பாலம் பாடசாலையைக் கிட்டக் கொண்டுவந்த அதே நாளில் வேலைத்தலத்தையும் கிட்டக் கொண்டுவந்தது. பதினாறு வயதுப் பையனுக்கு எது பெரிதாகத் தெரிந்தது என்பதை உங்கள் தரவுதான் சொல்லவேண்டும்.

பதில் 2: ஓய்வுநிலை ஆசிரியர்

மகள், உங்கள் கேள்வியைப் படித்தபோது துறையில் நின்ற காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. நான் எழுவான்கரையைச் சேர்ந்தவன். சேவைக்காலத்தில் பெரும்பகுதியைப் படுவான்கரையில் கழித்தவன். விரிவுரையாளர் ஐயா சொன்ன கணக்கு முறைகள் எனக்கு முழுமையாக விளங்காவிட்டாலும், உங்கள் இருவரின் எழுத்திலும் ஓர் ஆளைக் காணவில்லை என்பதைச் சொல்லவேண்டும். வாவியைக் கடந்து போன பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாவியைக் கடந்து வந்த ஆசிரியர்களைப் பற்றி எழுதவில்லை.

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எழுவான்கரையில் இருந்தே வந்தோம். பாடசாலை 7.30க்குத் தொடங்கும். அதிபரின் மேசையில் ஆசிரியர் வரவு இடாப்பு விரித்தபடி இருக்கும். நேரம் ஆனதும் அவர் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். பாதை பிந்திய நாட்களில் நாங்கள் ஆறேழு பேர் நனைந்த சப்பாத்துகளோடு ஒன்றாக உள்ளே போய், கோட்டுக்குக் கீழே வரிசையாக ஒப்பமிட்டு, பக்கத்தில் வந்த நேரத்தையும் எழுதுவோம். அந்த நேரத்துக்குள் தரம் 11இன் முதலாம் பாடம் முடிந்துபோய் இருக்கும். முதலாம் பாடம் பெரும்பாலும் கணிதமாகவே இருக்கும். ஐப்பசி முதல் தை வரை இது வழக்கமாக நடந்த விடயம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கி வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

பாலம் வந்த பிறகு கோட்டுக்குக் கீழே ஒப்பமிடுவது வெகுவாகக் குறைந்தது. இதை நான் ஞாபகத்தில் இருந்து சொல்கிறேன். ஆனால் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை, பழைய இடாப்புகள் பல பாடசாலைகளின் அலுமாரிகளில் இன்னும் இருக்கின்றன. உள்ளூர்ப் பாடசாலையில் படிப்பு முன்னேறியதால் பிள்ளைகள் சாதாரண தரத்தில் சித்தியடைந்து, அதனால் உயர்தரத்துக்குப் போனார்களா, அல்லது பயணம் இலேசாகியதால் போனார்களா என்பது இரண்டு வேறு கேள்விகள். முதலாவதுதான் காரணம் என்றால், பாலம் இல்லாத ஊருக்கும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: ஆசிரியர் தங்குவதற்கு ஒரு நல்ல விடுதி கட்டிக் கொடுக்கலாம்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. பாதை ஓடிய காலத்தில் சில ஆசிரியர்கள் கிழமை நாட்களில் ஊரிலேயே தங்கினார்கள். பின்னேரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு இலவசமாகப் படிப்பித்தார்கள். பாலம் வந்ததும் அவர்களும் நாளாந்தம் போய்வரத் தொடங்கினார்கள். மணி அடித்துக் கால் மணித்தியாலத்தில் வளவு வெறிச்சோடிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பாலத்துக்குப் பிறகு வசதியுள்ள பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தரம் 6இலேயே எழுவான்கரைப் பாடசாலைகளுக்கு மாற்றினார்கள். விடுகைப் பத்திரம் வாங்கிப் போன பிள்ளை உள்ளூர் இடாப்பில் குறைந்துவிடும். பார்ப்பவருக்கு இடைவிலகல் போலத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள் போய்விட்டதால் உள்ளூர்ப் பெறுபேறும் இறங்கும். பாடசாலைக் கணக்கை மட்டும் எடுத்தால் பாலம் படிப்பைக் கெடுத்தது என்றுகூட முடிவு வரலாம். பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்று பார்க்காமல், எந்த ஊரில் குடியிருந்தது என்று பார்த்து எண்ணுங்கள்.

படுவான்கரை மாணவி

மிக்க நன்றி ஐயா. சிவப்புக் கோட்டைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் முதலாம் பாடம் நடக்காத காலைகளில் நாங்கள் வாங்குகளில் சும்மா இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஊர் அடிப்படையில் எண்ணுவதற்கு வீட்டு வீட்டாகப் போய்த்தான் ஆகவேண்டுமா?

பதில் 3: சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர்

எண்ணுவது பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சேர்க்கிறேன். சுகாதாரத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் படிக்கும் இரண்டு முக்கியமான ஆய்வுகள் நமது நாட்டுத் தரவில் செய்யப்பட்டவை.

ஒன்று, சீமா ஜெயச்சந்திரனும் அட்ரியானா யெராஸ் முனேயும் 2009இல் வெளியிட்டது. 1946க்கும் 1953க்கும் இடையில் இலங்கையில் பிரசவத்தில் தாய்மார் இறக்கும் அபாயம் 70 சதவீதத்தால் குறைந்தது. அது பாடசாலை வயதுப் பெண் பிள்ளையின் அன்றைய உடல்நிலையை மாற்றவில்லை. அவள் வளர்ந்தபின் வாழக்கூடிய காலத்தையே நீட்டியது. ஆண்களை ஒப்பீட்டுக் கூட்டமாக வைத்து, மாவட்டங்களுக்கு இடையிலான வித்தியாசத்தையும் பயன்படுத்திப் பார்த்தபோது, பெண்கள் படித்த காலம் 4 சதவீதத்தாலும் எழுத்தறிவு 2.5 சதவீதத்தாலும் கூடியிருந்தன. மகள் நீண்ட காலம் வாழ்வாள் என்று தெரிந்தபோது பெற்றோர் அவளைக் கூடுதலாகப் படிப்பித்தார்கள். ஆகவே உங்கள் அப்பா அன்று பார்த்தது பயணக் கஷ்டத்தை மட்டும்தானா, அல்லது படித்து முடித்தால் மகளுக்குக் கிடைக்கக்கூடிய வாழ்க்கையையும் சேர்த்தா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பாலம் இரண்டையும் மாற்றியிருக்கக்கூடும்.

மற்றது, ஏட்ரியன் லூக்காஸ் 2010இல் வெளியிட்ட மலேரியா ஆய்வு. நாற்பதுகளின் நடுப்பகுதியில் டி.டி.ரி. பூச்சிகொல்லித் தெளிப்புத் தொடங்கியது, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே பதிவானார்கள். முன்பு காய்ச்சல் கடுமையாக இருந்த இடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கே படிப்பில் கூடுதலான ஏற்றம் கிடைத்தது. விரிவுரையாளர் சொன்ன அதே முறைதான்: நிவாரணம் எங்கும் வந்தது, ஆனால் துன்பம் எங்கும் ஒரே அளவில் இருக்கவில்லை.

உங்கள் ஆய்வில் ஆண் பிள்ளைகளை ஒப்பீட்டுக்கு வைத்தால் கவனமாக இருங்கள். பாலத்தில் ஆண்களும்தான் போகிறார்கள். அந்த ஒப்பீடு, பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லும்.

பொருளியல் விரிவுரையாளர்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபின் என் முந்திய பதிலைத் திருத்தவேண்டியிருக்கிறது. பயண நேரத்தைப் பிள்ளைகளின் பக்கம் மட்டும் வைத்து அளக்கச் சொன்னேன். ஒவ்வொரு பாடசாலைக்கும், அதன் ஆசிரியர்கள் வந்துசேர எடுத்த நேரத்தையும் சேர்த்து அளவிடுங்கள். உயர்தரப் பாடசாலைக்குக் கிட்ட இருந்தும், ஆசிரியர் அனைவரும் வாவி கடந்து வரவேண்டியிருந்த ஊர் ஒன்று கிடைத்தால், இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க அது மிகப் பெரிய உதவி. 2022இல் எரிபொருள் இல்லாமல் ஆசிரியர்கள் வரமுடியாமல் போன மாதங்களையும் குறித்து வையுங்கள். பாலம் இருந்தும் பயணம் நின்ற காலம் அது.

வீட்டு வீட்டாகப் போவது பற்றி: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு பாலத்துக்கு முன்னும், 2024ஆம் ஆண்டினது பின்னும் எடுக்கப்பட்டன. இரண்டிலும் வயது, பால், கல்வி மட்டம் எல்லாம் உண்டு. கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் கிடைக்கும் அட்டவணைகளை முறைப்படி கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல், ஐந்தாறு ஊர்களில் மட்டும் வீடுகளுக்குப் போய், 1990க்கும் 2005க்கும் இடையில் பிறந்த சகோதர சகோதரிகள் ஒவ்வொருவரும் எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்று கேளுங்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு; ஒரு பிள்ளை பாலத்துக்கு முன், மற்றப் பிள்ளை பின். நீங்களும் அக்காவும் அப்படி ஒரு சோடி. திருமணமாகி வெளியூர் போனவர்களையும் வெளிநாடு போனவர்களையும் விட்டுவிடாமல் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் ஊரில் தங்கியவர்களின் கதை மட்டுமே மிஞ்சும்.

கடைசியாக, நியம வழுவை (standard error), அதாவது உங்கள் மதிப்பீடு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதைக் காட்டும் அளவைப் பற்றி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தரவு கையில் இருந்தாலும், நடந்த நிகழ்வு ஒன்றே ஒன்று: ஒரு பாலம். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாக உயர்வார்கள், ஒன்றாகத் தாழ்வார்கள். கணினி தரும் வழக்கமான நியம வழு உங்களுக்கு இல்லாத உறுதியைக் காட்டும். ஆகவே பாலம் மண்டூர்த் துறையில் கட்டப்பட்டது என்று பாவனை செய்து அதே பிற்செலவுக் (regression) கணக்கை ஓட்டிப் பாருங்கள். பிறகு வேறொரு துறையில். பொய்ப் பாலங்களும் உண்மைப் பாலத்தைப் போலவே பெரிய விளைவைக் காட்டினால், அதை மறைக்காமல் எழுதுங்கள். என்ன கணக்குச் செய்யப்போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்னரே இரண்டு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

படுவான்கரை மாணவி

இரண்டு பக்கத்தை இன்றிரவே தொடங்குகிறேன். எங்கள் பகுதியில் ஓர் அதிபரிடம் பேசினேன். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதத்தோடு வந்தால் 2012 முதல் 2016 வரையான ஆசிரியர் வரவு இடாப்புகளைப் பார்க்கலாம் என்றார். பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாமா ஐயா?

ஓய்வுநிலை ஆசிரியர்

படம் எடுக்கவேண்டாம், மகள். அதில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன; பலர் இன்னும் சேவையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் கோட்டுக்கு மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர், கடைசியாக வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று இலக்கங்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பாதை ஓடாத நாளில் வாவி கடந்து வருபவர்களின் ஒப்பம் கீழேயும் இருக்காது, மேலேயும் இருக்காது. கோட்டுக்குக் கீழே யாரும் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் 0 என்று போடுங்கள். அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். பாதை நின்ற நாட்களை எங்கள் அதிபர் அதில் எழுதி வைப்பார்.